சாந்தி பருவம் இல்லாத பாரதம்: உடப்புக் கரையின் பாரதப் படிப்பும் மன அமைதியும்

மகாபாரதத்திலே மன அமைதியையும் வாழ்க்கைக்கு வழிகாட்டலையும் தேடிச் செல்வோர் வழமையாகச் சென்று சேரும் இடங்கள் இரண்டு. ஒன்று, போர் தொடங்குமுன் இரு சேனைகளுக்கும் நடுவே உரைக்கப்படும் பகவத்கீதை. மற்றது, போர் முடிந்தபின் அம்புப் படுக்கையிற் கிடக்கும் வீடுமர் தருமனுக்கு உரைக்கும் சாந்தி பருவம். முன்னது கொல்லத் தயங்கி நிற்பவனுக்குச் சொல்லப்பட்டது. பின்னது கொன்று முடித்து, வென்ற நாட்டை ஆள மனமின்றி வருந்துபவனுக்குச் சொல்லப்பட்டது. வியாசர் நூலின் பதினெட்டுப் பருவங்களுள் மிக நீண்டது சாந்தி பருவமே என்பது தற்செயலானதன்று. போர் செய்யத் துணிவதிலும் போர் செய்தபின் மனம் ஆறுவது கடினம் என்பதை அந்நூல் அறிந்திருந்தது.

இவ்விரண்டையும் ஏறக்குறைய முற்றாகக் கைவிட்ட ஒரு பாரதத்தை நூற்றாண்டுக் கணக்கிற் கேட்டுவந்த மக்கள், அதிலே எதைப் பெற்றனர் என்ற வினா திறனாய்வாளரின் கவனத்தை இதுவரை போதிய அளவு பெறவில்லை. அவ்வினாவை எழுப்புதற்கு இலங்கையின் புத்தளம் மாவட்டக் கரையிலுள்ள உடப்பு மிகப் பொருத்தமான களமாகும்.

சிலாபத்துக்கு வடக்கே, ஒருபுறம் கடலும் மறுபுறம் உப்பேரியுமாக நீண்டு கிடக்கும் மணற்றரையில் அமைந்த தமிழ் மீனவர் ஊர் உடப்பு. இங்கு வாழ்வோரின் முன்னோர் இராமநாதபுரக் கரையோரத்திலிருந்து வந்தனர் என்பது ஊர் மரபு. கரைவலைத் தொழிலும், அத்தொழிலோடு பிறந்த அம்பாப் பாடல்களும், திரௌபதையம்மன் கோயிலின் தீமிதிப்பு விழாவும் இவ்வூரின் பெயரை வெளியே கொண்டுசென்றன. ஆடியை ஒட்டிப் பதினெட்டு நாள்கள் நடைபெறும் அவ்விழாவிலே பாரதம் படிக்கப்படுகிறது. அதன் சில நிகழ்ச்சிகள் சடங்காக நிகழ்த்தப்படுகின்றன. இறுதியிலே அடியார்கள் தீயில் இறங்குகின்றனர். தென்மேற்குப் பருவக்காற்றினால் மேற்குக் கடல் கொந்தளிக்கும் காலம் அது. கடலை நம்பி வாழும் ஓர் ஊர் கதை கேட்க அமர்வதற்கு அதனிலும் ஏற்ற காலம் வேறில்லை.

கோயிலின் முழுப்பெயர் நோக்கத்தக்கது. ருக்மிணி சத்தியபாமா சமேத பார்த்தசாரதியும் திரௌபதையம்மனும் அங்கு சேர்ந்தே எழுந்தருளியுள்ளனர். பார்த்தசாரதி என்பது பார்த்தனுக்குத் தேர் ஓட்டியவன் என்ற பொருளினது. அதாவது கீதையை உரைத்தவனின் பெயர். கீதாசாரியனே மூலவருள் ஒருவனாய் நிற்கும் கோயிலில், கீதை முதன்மை நூலாக இல்லை. அங்கு முதன்மை பெறுவது பாரதக் கதை. திரௌபதி வழிபாட்டுக் கோயில்களின் பாரதப் படிப்புக்கு முதுகெலும்பாக நின்றது வில்லிபுத்தூராழ்வாரின் பாரதமே. அந்நூலிற் கீதை சில விருத்தங்களுள் முடிந்துவிடுகிறது.

இதனை வில்லியாரின் குறையெனக் கொள்வோர் உளர். அது விரைந்து கூறும் தீர்ப்பாகும். வில்லியார் வைணவர். பாரதத்தைப் பாட முற்பட்டதற்குக் காரணம் கூறுமிடத்து, கண்ணனின் சரிதமும் அதனிடையே வரும் என்ற ஆசையையே அவர் குறிப்பிடுகிறார். அத்தகையவர் கண்ணனின் மிகப்பெரிய உரையைச் சுருக்கினார் என்றால், சுருக்கியதிலே ஒரு நோக்கம் உண்டு எனத் தேடுவதே முறை. நாலாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களைப் பாடியவருக்கு இடம் போதாமற் போயிற்று எனல் பொருந்தாது. அவர் கண்ணனைப் பேசவைப்பதிலும் கேட்கவைப்பதிலேயே கூடிய நாட்டம் கொண்டார் என்பது நூலை ஊன்றிப் படிப்போருக்குப் புலனாகும்.

மூன்று இடங்களை எடுத்துக்கொள்ளலாம். அவற்றுள் ஆரணிய பருவத்துப் பழம் பொருந்து சருக்கம் சற்று விரிவாக நோக்கத் தகுந்தது. வனவாசத்தில் ஒருநாள் திரௌபதி ஆசைப்பட்ட நெல்லிக்கனியை அருச்சுனன் அம்பெய்து வீழ்த்துகிறான். அது ஒரு முனிவருக்கு உரிய கனி எனப் பின்னர் தெரியவர, சாபம் நேருமே என அனைவரும் அஞ்சுகின்றனர். நினைத்த மாத்திரத்தே வந்த கண்ணன் அவர்களுக்கு உபதேசம் எதுவும் செய்யவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் நெஞ்சில் உள்ளதை உள்ளவாறு சொல்லுங்கள், கனி மீண்டும் கொம்பிற் பொருந்தும் என்கிறான். ஐவரும் சொல்கின்றனர். திரௌபதியின் முறை வருகிறது. ஐவர் கணவராய் இருந்தும் தன் உள்ளம் இன்னும் ஒருவனுக்காக உருகுகிறது என்று அவள் கணவர் ஐவரின் முன்னிலையிலேயே கூறிவிடுகிறாள். கனி கொம்பிற் பொருந்துகிறது.

வியாசரின் மூலத்தில் இல்லாத இக்கதை தமிழிலே பெற்ற வாழ்வு வியப்புக்குரியது. கற்புக்குத் தெய்வமாக வணங்கப்படும் ஒருத்தியின் வாயிலிருந்து, அக்கற்பின் வழமையான இலக்கணத்துக்கே முரணான உண்மை வெளிவருகிறது. வெளிவந்ததற்காக அவள் தண்டிக்கப்படவில்லை. அவளுடைய உண்மையும் சேர்ந்தே கனி மேலேறுகிறது. நெஞ்சை மறைத்து வைப்பதனால் வரும் அமைதி ஒன்று உண்டு; அது குடும்பங்களுக்கும் ஊர்களுக்கும் நன்கு பழக்கமானது. இச்சருக்கம் காட்டும் அமைதி அதற்கு நேர் எதிரானது. ஒரு கோயில் முன்றிலிலே, ஆணும் பெண்ணும் குழந்தைகளும் கேட்டிருக்க, இக்கதை உரத்துப் படிக்கப்படும்போது அது தனியறையிற் படிக்கப்படும் எந்த மனநல நூலாலும் செய்ய இயலாத ஒன்றைச் செய்கிறது எனத் துணிந்து கூறலாம்.

இரண்டாவது இடம் உத்தியோக பருவத்துக் கிருட்டிணன் தூதுச் சருக்கம். தூது செல்லுமுன் கண்ணன் ஐவரின் கருத்தையும் வினவுகிறான். சகாதேவனைத் தனியே அழைத்துச் சென்று, போரைத் தடுக்க வழி யாது எனக் கேட்கிறான். கர்ணனுக்கு முடிசூட்டி, அருச்சுனனைக் கொன்று, திரௌபதியின் கூந்தலைக் களைந்து, உன்னையும் கட்டிவைத்தால் போர் நில்லும் என்கிறான் சகாதேவன். கட்டு பார்க்கலாம் எனக் கண்ணன் பல வடிவெடுத்து நிற்க, சகாதேவன் அவனை மனத்தினாலே கட்டிவிடுகிறான். ஐவரையும் காப்பதாக வாக்குப் பெற்றபின்னரே அவிழ்க்கிறான். நடக்கப் போவது அனைத்தும் தெரிந்தவன். தடுக்க முடியாதென்பதும் தெரிந்தவன். தெரிந்தும் தன்னால் இயன்ற ஒன்றைச் செய்துவைத்தவன். பலனிற் பற்றின்றிச் செயல் செய்தல் என்று கீதை சொல்வதை இதைவிடச் சுருக்கமாக ஒரு மனிதனிற் காட்டுதல் அரிது.

மூன்றாவது, பதினேழாம் நாட் போரிலே குருதி வடிய வீழ்ந்து கிடக்கும் கர்ணனிடம் கண்ணன் அந்தணனாய் வந்து அவன் செய்த புண்ணியம் முழுவதையும் யாசிக்கும் இடம். கொடுத்த பின்னர், என்ன வரம் வேண்டும் எனக் கண்ணன் கேட்க, மறுபிறப்பு நேரின் இரப்போர்க்கு இல்லையென்று சொல்லாத நெஞ்சமே வேண்டும் என்கிறான் கர்ணன். கண்ணன் தன் தெய்வ வடிவத்தைக் காட்டி அருளுகிறான். தமிழ்ப் பாரதத்திலே விரிவாகவும் உருக்கமாகவும் பாடப்படும் தெய்வக் காட்சி, வெல்லப்போகும் அருச்சுனனுக்குக் கிடைத்ததன்று. தோற்று வீழ்ந்த கர்ணனுக்குக் கிடைத்தது. தாழ்ந்த பிறப்பினன் என்று அவையில் இகழப்பட்டவனும் அவனே. கரைவலை இழுத்துப் பிழைத்த மக்கள் இதனை எத்தகைய செவிகொண்டு கேட்டிருப்பர் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஆக, கீதையின் இடத்தை வில்லியார் வெறுமையாக விடவில்லை. போதனையை நிகழ்ச்சிகளாகப் பிரித்து நூல் முழுவதும் இட்டுவைத்தார் எனலாம். கீதையைத் தனிநூலாகப் பிரித்தெடுத்து, மன அமைதிக்கான கைநூலாகக் கொள்ளும் வழக்கம் இன்று படித்தோர் மத்தியிற் பரவலாக உள்ளது. கீதைக்குத் தொன்மையான உரைமரபு உண்டு என்பது மெய்யே. சங்கரரும் இராமாநுசரும் உரை கண்ட நூல் அது. எனினும் இன்று நகரங்களில் வழங்கும் கைநூற் கீதைக்கு அவ்வுரைமரபு மட்டும் மூலமன்று. 1785இல் சார்ள்ஸ் வில்கின்ஸ் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தது முதல், திலகர், காந்தி முதலானோர் வரை அதற்கு ஏற்பட்ட புதுவாழ்வும் அதன் பின்னணியில் உண்டு. பாரதியார் அதனைத் தமிழாக்கியதும் இக்காலப் பகுதியிலேயே. இவ்வழக்கம் தவறன்று. ஆனால் கதையிலிருந்து பிரிக்கப்பட்ட கீதைக்கு ஓர் இழப்பு நேர்கிறது. அதைப் படிப்பவர் தம்மை எப்போதும் அருச்சுனனாகவே கருதிக்கொள்கிறார். அபிமன்யுவை இழந்த சுபத்திரையாகவோ, களப்பலியான அரவானாகவோ, அவை நடுவே நின்ற திரௌபதியாகவோ தம்மைக் கருதும் வாய்ப்பு அவருக்கில்லை.

சாந்தி பருவத்தின் நிலை வேறு. அதனை வில்லியார் சுருக்கவுமில்லை, பிரித்திடவுமில்லை; பாடவேயில்லை. அவருடைய நூல் பத்தாவதான சௌப்திக பருவத்தோடு நிறைகிறது. இரவிலே உறங்கிக் கிடந்த பாசறையுட் புகுந்த அசுவத்தாமன் திரௌபதியின் மைந்தர் ஐவரையும் கொன்றொழிக்கும் பருவம் அது. போரின் பின்விளைவுகளை விரித்துரைக்காமலே நூல் முடிகிறது. விதவைகளின் புலம்பலுக்கு உரிய ஸ்திரீ பருவம் இல்லை. தருமனின் குற்றவுணர்வுக்கு உரிய சாந்தி பருவம் இல்லை. பிற்காலத்தில், 18ஆம் நூற்றாண்டிலே, நல்லாப்பிள்ளை எஞ்சிய பருவங்களையும் சேர்த்துப் பதினெட்டையும் தமிழில் நிறைவு செய்தார். அவ்வாறிருந்தும் கோயிற் படிப்பு மரபில் வில்லியின் இடத்தை நல்லாப்பிள்ளை பெறவில்லை. குறை நிரப்பப்பட்ட பின்னரும் குறையுள்ள நூலையே மக்கள் விரும்பினர் என்பதற்குச் செய்யுளின் ஓசைநயம் ஒரு காரணமாகலாம். வடசொற் செறிந்த அச்சந்த விருத்தங்கள் பொருள் முழுதும் விளங்காதவரையும் செவிவழியே பிணிக்க வல்லவை. ஆயின் அது மட்டுமே காரணம் எனல் போதாது.

கோயிலிலே சாந்தி பருவம் வேண்டப்படாமைக்குக் காரணம், அதன் இடத்தை வேறொன்று நிரப்பியதே. தமிழிற் சாந்தி என்ற சொல்லின் வழக்கை இங்கு நினைவுகூரல் பயன்தரும். கிரகசாந்தி, சாந்தி செய்தல், சாந்தி கழித்தல் என்பன போன்ற வழக்குகளிலே சாந்தி என்பது ஒருவர் உணரும் நிலையாக அன்றி, ஒருவர் செய்யும் செயலாகவே நிற்கிறது. கோபம் கொண்ட தெய்வத்துக்கோ, தோஷம் பட்ட வீட்டுக்கோ, அகால மரணம் நேர்ந்த இடத்துக்கோ சாந்தி செய்யப்படுகிறது. பதினெட்டு நாட் கதையும் அத்தகைய ஒரு செயலிலேதான் முடிகிறது. அல்ஃப் ஹில்டபைட்டல் 1988இலும் 1991இலும் இரு தொகுதிகளாக வெளியிட்ட ஆய்வு, செஞ்சிப் பகுதித் திரௌபதி கோயில்களில் இவ்விறுதி எவ்வாறு அமைகிறது என்பதை விரிவாகக் காட்டுகிறது. துரியோதனன் மண்ணுருவாகக் களத்திற் கிடக்கிறான். திரௌபதி தன் விரித்த கூந்தலை முடிக்கிறாள். அதன்பின் அடியார் தீ மிதிக்கின்றனர். கிழக்கிலங்கையில் பாண்டிருப்புத் திரௌபதையம்மன் கோயிலும், மேற்கிலே உடப்பும் தத்தம் முறைமைகளோடு இதே தீயிலேயே சென்று சேர்கின்றன. வீடுமரின் நெடிய உரை நிற்க வேண்டிய இடத்திலே தீக்குழி நிற்கிறது. சொல்லால் ஆற்ற முடியாததை உடம்பு ஏற்றுக்கொள்கிறது.

வாசிப்புச் சமூகத்துக்கு இவ்வாறான முடிபு உவப்பளிக்காது. நூலறிவைச் சடங்கு விழுங்கிவிட்டது என ஒரு சாரார் கூறுவர். சடங்கு என்பது கோயில் மரியாதைகளையும் ஊரதிகாரத்தையும் நிலைநிறுத்தும் பொறியேயன்றி வேறன்று என மற்றொரு சாரார் கூறுவர். பின்னவர் கூற்றிலே உண்மையுண்டு. முதல் மரியாதை யாருக்கு, கரகம் யார் கையில் என்ற வினாக்களின்றி எந்தத் தமிழ்க் கோயிலும் இயங்கியதில்லை. ஆனால் அதிகாரத்தை மட்டும் கண்டு திரும்பும் ஆய்வு, பதினெட்டு இரவுகள் ஓர் ஊர் எதைக் கேட்டுக்கொண்டிருந்தது என்பதைக் கேட்க மறந்துவிடுகிறது.

படிப்பு என்ற இச்செயல் மிகப் பழையது. 7ஆம் நூற்றாண்டுப் பல்லவரின் கூரம் செப்பேடு, கோயில் மண்டபத்திலே பாரதம் படிப்பதற்கு நிவந்தம் அளிக்கப்பட்டதைக் கூறுகிறது. யாழ்ப்பாணத்திலே பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை கந்தபுராண கலாசாரம் எனப் பெயரிட்டழைத்த வாழ்க்கை முறையும் இவ்வகைப் படனத்தின் மேலேயே எழுந்தது. ஒருவர் செய்யுளை இசையோடு படிப்பார், மற்றொருவர் பயன் சொல்வார், ஊர் கேட்கும். புத்தளக் கரையின் மக்களுக்கு இவ்வமைப்பு கோயிலில் மட்டும் பழகியதன்று. கரைவலை இழுக்கையில் ஒருவர் அம்பாவை எடுத்துக் கொடுக்க, ஏனையோர் வாங்கிப் பாடுவதும் இதே அமைப்பே. தனியே இழுத்தால் வலை கரை சேராது. நூலைத் தனியே படித்து மனத்தைத் தனியே ஆற்றிக்கொள்ளும் ஒருவனை இம்மரபு கற்பனை செய்ததேயில்லை.

இம்மரபின் பலவீனமும் இங்கேயே உள்ளது. பயன் சொல்பவர் திறம்பட அமையாவிடின் வில்லியின் விருத்தம் வெறும் ஓசையாகிவிடும். சூதுபோர்ச் சருக்கத்திலே திரௌபதி அவையோரிடம் எழுப்பும் வினாவை எடுத்துக்கொள்க. தன்னைத் தோற்றவனுக்கு என்னைப் பணயம் வைக்க உரிமை உண்டோ என்பது அவ்வினாவின் சாரம். அறம் அறிந்தோர் நிரம்பிய அவை அதற்கு நேரிய விடை தரவில்லை. தொன்னூல்கள் வழிகாட்டுவன என்போர் முதலில் முகங்கொடுக்க வேண்டிய இடம் இது. ஏனெனில் வழிகாட்ட வேண்டியவர்கள் வாயடைத்து நின்ற கதையை அந்நூலே ஒளிக்காமற் சொல்கிறது. பயன் சொல்பவர் இவ்விடத்தைத் துகில் வளர்ந்த அற்புதத்துக்குத் தாவும் படிக்கட்டாக மட்டும் கொள்வாராயின், கேட்டிருக்கும் பெண்களுக்கு அவர் சொல்வது, பொறுத்திரு, தெய்வம் வரும் என்பதே. வினாவை வினாவாகவே நிறுத்தத் தெரிந்தவர் சொல்வது வேறு. அவள் பதின்மூன்று ஆண்டுகள் கூந்தலை முடியாதிருந்தாள் என்பதை அவர் மறக்கவிடமாட்டார். அக்கூந்தல் விரிந்திருந்த காலமெல்லாம் அவள் அமைதியாய் இருந்தாள் என்று எவரும் சொல்ல முடியாது. வழி தவறியிருந்தாள் என்றும் சொல்ல முடியாது.

உடப்பின் சுற்றுப்புறமும் இங்கு கருதத்தக்கது. நீர்கொழும்பு தொடங்கிச் சிலாபம் வரையான கத்தோலிக்கக் கரையூர்கள் பலவற்றிலே 20ஆம் நூற்றாண்டிற் பாடசாலை மொழி மாறியதோடு வீட்டு மொழியும் தமிழிலிருந்து சிங்களமாயிற்று. உடப்பிலே தமிழ் நின்றது. இதற்குப் பாரதப் படிப்பே காரணம் எனல் மிகையாகும். குடியிருப்பின் செறிவும் தொழிலும் மணவுறவும் சேர்ந்தே அதனைக் காத்தன. ஆயினும் ஆண்டுதோறும் பதினெட்டு நாள்கள் செந்தமிழ் விருத்தம் காதில் விழும் ஊரிலே மொழி வெறும் வீட்டுப் பேச்சாகச் சுருங்குவது எளிதன்று.

அதே கரையில், சிலாபத்தருகே, முன்னேசுவரம் உள்ளது. 1578இல் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டு, பின்னர் கண்டி மன்னன் கீர்த்தி சிறீ இராசசிங்கன் காலத்திலே மீளக் கட்டப்பட்ட தலம் அது. இந்துக்களும் பௌத்தரும் ஒருசேர வழிபடும் இடமாக அது இருப்பதை றொகான் பஸ்ரின் 2002இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்துள்ளார். இராவணனைக் கொன்று திரும்பிய இராமன், தன்னைத் தொடர்ந்த பிரமஹத்தி தோஷம் நீங்க வழி தேடி இங்கு இறங்கினான் என்பது தலமரபு. வென்றவன் அமைதியின்றி வந்த கரை என்றே புராணம் இக்கரையை நினைவில் வைத்திருக்கிறது. 1983 முதல் 2009 வரை நீடித்த போரின்போது, 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பெரும்பகுதியினர் வந்து சேர்ந்ததும் இம்மாவட்டத்துக்கே. போர் முடிந்தபின் என்ன செய்வது என்ற சாந்தி பருவத்து வினா, இந்நாட்டிலே ஏட்டுச் சுவடியுள் அடங்கும் வினாவன்று. தருமன் வெற்றிக்குப் பின்னர் அடைந்த வெட்கத்தைத் தமிழிற் படித்துப் பயன் சொல்லும் மரபு கோயிலில் உருவாகாமற் போனது, இவ்வகையில், ஒரு பெருங்குறையே. தீக்குழி தனிமனிதரின் நேர்த்தியையும் வேதனையையும் ஏற்கும். ஒரு சமூகம் மற்றொரு சமூகத்துக்குச் செய்ததைப் பற்றி அது பேசாது. அதற்குச் சொல் வேண்டும். நல்லாப்பிள்ளையின் நூல் அச்சில் இருந்தும் அச்சொல்லுக்காக அதனை நாடியோர் மிகச் சிலர்.

எந்தத் திரௌபதி கோயிலிலும் தீமிதிப்பு நாளிலே திரளும் கூட்டமும் படிப்பு நாள்களில் அமரும் கூட்டமும் ஒன்றல்ல. படிப்பைச் சுருக்க நேரின், துகிலுரிதலும் தூதும் படுகளமும் காட்சிப் பெறுமதியால் நிலைக்கும். பழம் பொருந்து சருக்கம் போன்றவை முதலில் விடுபடக்கூடும். அச்சிட்ட விருத்தங்களுக்கு அழிவில்லை. பயன் சொல்வோரின் உரைகளோ எழுதப்படுவதில்லை. சொன்னவரோடு அவை போய்விடுகின்றன. பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் அம்பாப் பாடல்களைத் தொகுத்தது போல அவ்வுரைகளையும், இரவு இரவாக, கேட்டோர் இடையிற் கேட்ட வினாக்களோடு சேர்த்துப் பதிவு செய்யின், நெல்லிக்கனியின் கதையை ஒரு மீனவ ஊர் எவ்வாறு விளங்கிக்கொண்டது என்பதற்கு முதன்முறையாகச் சான்று கிடைக்கும்.